மெடேகைம் துபாசி

மெடேகைம் கோயிலில் பிரசங்க மேடைக்குக் கீழே, இடது பக்கம், ஒரு மரக்கட்டை கிடக்கும். அதில் ஏறி நின்றால் வைசிலின் தலை போதகரின் இடுப்புக்கு வரும். பதினான்கு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவன் அந்தக் கட்டையில் ஏறி நின்றான். போதகர் மேலேயிருந்து ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்வார். வைசில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருக்கும் சனங்களுக்கு அதை அவர்களுடைய சொந்தப் பிரஷ்ய மொழியில் சொல்வான். சனங்களுக்கு ஜெர்மன் தெரியாது. போதகருக்குப் பிரஷ்யம் தெரியாது. இடையில் எதெது கூடியது, எதெது குறைந்தது என்பது துபாசிக்கு மட்டும்தான் வெளிச்சம்.

சிறுவயதில் கடற்கரைக் கோட்டையில் குதிரைச் சாணம் அள்ளியவன் வைசில். அங்கே அடியும் ஜெர்மன் மொழியும் சேர்ந்தே கிடைத்தன. ஆனால் அவனிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது. வேதத்தில் சிங்கம் வந்தால் அவன் ஓநாய் என்று சொல்லிவிடுவான். அத்திமரம் வந்தால் காட்டு ஆப்பிளாக்கிவிடுவான். பாலைவனத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் தவித்து, கடைசியில் கடலோர மணல்மேடு என்று முடிவு செய்தான். மோசே தன் சனங்களை நாற்பது வருஷம் மணல்மேட்டில் நடத்திக்கொண்டு போனார். மெடேகைம்காரர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவர்களும் அதில்தான் நடந்தார்கள்.

போதகர் மூச்சுவிடாமல் பத்து வாக்கியம் பேசினால், வைசில் இரண்டில் முடித்துவிடுவான். அன்றைக்கெல்லாம் கோயில் வாசலில் அவன் மச்சான் துலேகர் காத்திருந்து தோளில் தட்டுவார்.

“ஏன் மாப்ளே, அந்த மனுஷன் அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துனாரு. நீ ‘திருடாதீங்க’ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டே. மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?”

“மிச்சமும் அதேதான் மச்சான். அவங்க பேச்சுல ஒண்ணைச் சொல்ல அவ்வளவு நேரமாவும்.”

“நல்லவேளை நாம திருடுறதோட நிறுத்திக்கிட்டோம். வேற எதுவும் செஞ்சிருந்தா பொழுது சாயறவரைக்கும் உக்காந்திருக்கணும்.”

துலேகர் வைசிலின் மனைவி அஸ்திலாவுக்கு அண்ணன். ஆறடி உயரம், கப்பல் பாய்போல அகன்ற முதுகு, வலக்கையில் சுண்டுவிரல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் உட்காருவார். வருஷத்தில் ஒருநாள், ரை தானியம் விதைத்து முடித்த மறுநாள், களத்துக் கொட்டகையில் வெள்ளாட்டுக் கிடாயின் கொம்பைப் பிடித்து, பழைய சாமிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரும் அவர்தான். கூப்பிட்டு முடித்ததும் ஆண்களெல்லாம் கிடாயைத் தலைக்குமேல் தூக்குவார்கள். பெண்கள் கோதுமை மாவைத் தட்டிக் கொடுக்க, நெருப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆண்கள் நின்று, தீநாக்கின் ஊடாக அடையைக் கைக்குக் கை எறிந்து எறிந்தே சுட்டெடுப்பார்கள். பிறகு கறி, பீர், பாட்டு. அன்றைக்கு மட்டும் வைசில் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான். கோயில் வேலைக்காரன் அங்கே நிற்பது முறையல்ல. ஆனால் பீருக்கு அவன் வீட்டிலிருந்து முளைகட்டி உலர்த்திய பார்லி ஒரு மூட்டை போகும், அஸ்திலாவும் போவாள். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் கோட்டைக்குத் தெரியாது, குடித்தே செத்துப்போன பழைய போதகருக்கும் தெரியாது.

புதிதாக வந்த போதகர் யோப்ஸ்ட் ரேமருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒல்லி. ஓயாத இருமல். மூன்று பெட்டி புத்தகம், ஒரு பெட்டித் துணிமணி. வந்த இரண்டாம் மாதமே வைசிலைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“உட்காரு வைசில்.”

“பரவால்ல ஐயா, நிக்கிறேன்.”

“நாள் முழுக்க வேலை இருக்கு. உட்காரு.”

ஜெர்மன்காரர் ஒருவர் வீட்டில் வைசில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். அதன் கைப்பிடியை எங்கே பிடிப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

நாட்டை ஆளும் கோமகனின் கட்டளை வந்திருப்பதாகப் போதகர் சொன்னார். ஞானோபதேசப் புத்தகம் பிரஷ்ய மொழியில் அச்சாகப் போகிறது. பல ஊர்ப் போதகர்கள் தங்கள் துபாசிகளோடு உட்கார்ந்து சொல் சேர்க்கிறார்கள். மெடேகைமின் பங்கை வைசில்தான் தரவேண்டும்.

“எங்க பேச்சு புத்தகத்துலயா ஐயா?”

“ஏன், கூடாதா?”

இதுவரைக்கும் எழுதிவைக்கத் தக்கதாக அந்தப் பேச்சை யாரும் நினைத்ததில்லை. வேலைக்காரர்களிடம் அந்த மொழியில் பேசக்கூடாது என்று ஜெர்மன் எசமானர்களுக்குக் கட்டளையே இருந்ததாக ஊரில் சொல்வார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அடுப்பருகே உட்கார்ந்தார்கள். போதகரின் சமையல்காரி வெள்ளை ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைப்பாள். போதகர் ஒரு சொல்லைச் சொல்வார், வைசில் கண்ணை மூடித் தேடுவான். அப்பத்துக்கும் பாவத்துக்கும் சிரமப்படவேண்டியிருக்கவில்லை. கிருபையில் வந்து நின்றது.

“கிருபைன்னா என்ன ஐயா?”

“உனக்குத் தண்டனை வரவேண்டிய இடத்துல, ஒருத்தர் உன்னை மன்னிச்சு விட்டுடறாரு. உனக்கு அதுல எந்தத் தகுதியும் இல்ல. இருந்தாலும் விட்டுடறாரு.”

“கோட்டை அதிகாரி விட்டுடற மாதிரியா?”

“ஆமாம், வச்சுக்கோயேன்.”

“அது இங்க நடந்ததில்லையே ஐயா. அதான் அதுக்குச் சொல்லு இல்ல.”

போதகர் சிரிக்கவில்லை. இறகை மசியில் தொட்டபடி காத்திருந்தார். இரண்டு நாள் கழித்து வைசில் ஒரு சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். உயரமான ஒருவர் தரையில் விழுந்து கிடப்பவனைக் குனிந்து பார்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து, அவனே முடைந்தெடுத்தது. அதைப் போதகர் மூன்று தரம் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டபோது வைசிலுக்குக் காது மடல் சூடாகியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பனியில் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே நடந்தான்.

பரிசுத்த ஆவிக்கு ‘ஸ்விந்தன் நோசேலியன்’ என்று சொன்னான். சொல்லிவிட்டு, “கடைசியை வெடுக்குன்னு முடிக்கணும் ஐயா, இழுத்தா வேற ஏதோ ஆயிடும்,” என்றான். போதகர் தலையாட்டினார். வெடுக்கென்று முடிப்பதற்கு அவரிடம் எழுத்து இல்லை.

அஸ்திலா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாத வீடு, அவள் கண்ணுக்கு வைசிலைத் தவிர வேறு வேலையும் இல்லை.

“வாய்ல வெண்ணெய் வாசம் வீசுது.”

“போதகர் குடுத்தாரு.”

“எதுக்குக் குடுத்தாரு?”

“சொல்லு குடுக்கறேன்ல.”

“நீ சொல்றதையெல்லாம் அவன் எழுதிக்கிறான்ல? என்ன எழுதுனான்னு படிச்சுப் பாத்தியா?”

“எனக்கு எங்க படிக்கத் தெரியும்?”

“அப்ப வெண்ணெயை மட்டும் பாத்துக்கிட்டு வர்றே,” என்று சொல்லி அவள் மீன் ஆய ஆரம்பித்தாள்.

பனி உருகும் சமயத்தில் முதல் கட்டளைக்கு வந்தார்கள். என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம். அதை எழுதி முடித்த போதகர், பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

“தெற்கே ஒரு துபாசி சொன்னானாம். உங்க சனங்களுக்குப் பழைய காலத்துலகூட ஜெபம்னு ஒண்ணு கிடையாதாம். ஆட்டைச் சுத்தி நின்னு ஆடு மாதிரியே கத்துவாங்களாம். அவ்வளவுதானாம். நிஜமா?”

“எந்தத் துபாசி சொன்னான் அதை?”

“யாரோ. விடு, அது முக்கியமில்ல.”

வைசிலுக்கு முக்கியமாக இருந்தது. ஒரு குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து, நம் பேச்சில் எல்லாம் இருக்கிறது, எதுவும் குறையில்லை என்று அவன் நிறுவிக்கொண்டிருக்க, எங்கோ ஒரு மடையன் ஆட்டுக்கத்தல் என்று சொல்லிவைத்திருக்கிறான். வைசில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். கண்ணை மூடினான். கோயில் வேலைக்கு வருமுன் களத்தில் கேட்ட துலேகரின் குரல்கூட அவனுக்கு வந்துவிட்டது.

“பெர்குன்ஸ், உன் நெருப்பைக் காட்டுல போடு, எங்க களத்துல போடாதே. அவுட்ரிம்ப், வலையைக் கிழிக்காம மீனைக் குடு. பெர்க்ரூபி, நீதான் குளிரை விரட்டி இலையைக் கொண்டாறவன், எங்க விதை உன் கையில. எல்டர்மரத்து வேருக்கடியில இருக்கிற புஷ்கைட்ஸ், உன் குள்ளப் பசங்களை எங்க களஞ்சியத்துக்கு அனுப்பு. செருப்பில்லாத பிள்ளைங்களே, வாங்க, ரொட்டி வச்சிருக்கோம், பீர் வச்சிருக்கோம்.”

கண்ணைத் திறந்தபோது போதகரின் இறகு வேறொரு தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

“அருமையா இருக்கு,” என்றார் போதகர். மெய்யாகவே அப்படித்தான் சொன்னார். “இதை எப்போ சொல்வாங்க?”

“ரை விதைச்சு முடிச்ச மறுநாள்.”

“யார் சொல்றது?”

வைசில் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். “அதெல்லாம் எங்க பாட்டன் காலத்துல ஐயா. இப்ப யாரு செய்யறா.”

“சரி,” என்று சொல்லிப் போதகர் ஈர மசியின்மேல் மணலைத் தூவினார்.

இலையுதிர்காலம் வந்தது. ரை விதைத்து முடித்தார்கள். மறுநாள் பிற்பகல் வைசில் வீட்டு வாசலில் குதிரைச் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். களத்துப் பக்கமிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. கடைசியாக அஸ்திலா ஓடாமல் நடந்து வந்தாள். முழங்கைவரைக்கும் மாவு. பாவாடை ஓரம் தீய்ந்திருந்தது.

“கோட்டை ஆளுங்க வந்துட்டாங்க. அண்ணனைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்க.”

வைசில் ஊசியைக் கீழே வைத்தான்.

“அதிகாரி கையில ஒரு காகிதம் வச்சிருந்தான். அண்ணன் கொம்பைப் புடிச்சு வாயைத் திறக்கறாரு. அதுக்கு முன்னால அந்தாளு காகிதத்தைப் பாத்துச் சொல்றான். பெர்குன்ஸுங்கறான். அவுட்ரிம்புங்கறான். வரிசை மாறாம வருது. அண்ணன் சொல்லவேண்டியதை எல்லாம் அவன் சொல்லிட்டான்.”

“வேற ஊர்ல எவனாவது...”

“செருப்பில்லாத பிள்ளைங்களேன்னு எங்கண்ணனைத் தவிர எந்தப் பூசாரி சொல்றான்? அது எங்கம்மா எங்களைக் கூப்பிடறது. அதைத்தான் அவரு உள்ள சேத்துக்கிட்டாரு. அதுவும் அந்தக் காகிதத்துல இருந்துச்சு.”

“புத்தகத்துக்குன்னுதான் கேட்டாரு அஸ்திலா. சத்தியமா, புத்தகத்துக்குன்னுதான்...”

அவள் தொட்டித் தண்ணீரில் கையை முக்கி மாவைத் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

“எந்தப் புத்தகத்துல எங்கண்ணன் வர்றாரு?” என்று கேட்டாள். வைசிலிடம் அவள் தன் மொழியில் பேசிய கடைசி வாக்கியம் அது.

அவன் போதகரிடம் ஓடினான். போதகர் இருமி முடித்துவிட்டு, அமைதியாகப் பேசினார்.

“அந்தத் தாளை மேலிடத்துக்கு அனுப்பவேண்டியது என் கடமை. அனுப்பினேன். அவங்க கோட்டைக்கு அனுப்பியிருக்காங்க. நீ பயப்படாதே. நாங்க யாரையும் கொல்ல வரல. மனசு திரும்பிட்டேன்னு அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மன்னிப்பு உண்டு. அதைச் சொல்ல வைக்கறது உன் பொறுப்பு.”

ஆனால் கோட்டைக் கொட்டடிக்குள் வைசிலை விடவில்லை. ஊரில் துலேகரின் வீட்டுக் கதவைத் தட்டினான், திறக்கவில்லை. கொல்லன் பட்டறையில் நாலு பேர் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் தலையைக் கண்டதும் கலைந்தார்கள். அவர்கள் என்ன ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள் என்பது விசாரணை நாள்வரை அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

பத்தாம் நாள் கோட்டை முற்றத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் போதகர். சுவரோரம் மெடேகைம்காரர்கள் ஆறு பேர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வைசில் நினைத்துக்கொண்டான். பதினான்கு வருஷம் துபாசியாக இருந்தவனைத்தான் இங்கேயும் துபாசியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

துலேகரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கைக்கட்டில் ரத்தம் உறைந்திருந்தது. பொய்த்தேவர்களுக்கு ஆடு பலியிட்டாயா என்று அதிகாரி கேட்டார். வைசில் அதைப் பிரஷ்யத்தில் சொன்னான்.

துலேகர் வைசிலைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தே பேசினார். “ஆட்டை அடிச்சோம், தின்னோம். விதைச்சு முடிச்சா வயிறு பசிக்கும். சாமி கீமின்னு யாரும் எதுவும் கும்பிடல. காகிதத்துல இருக்கறது எவனோ வேலையத்தவன் கட்டுனது. சத்தியம் பண்ண ஆள் இருக்கு.”

இவ்வளவுதான் அவர் சொன்னது. வைசில் இதை அப்படியே ஜெர்மனில் சொல்லியிருக்கலாம்.

அவன் போதகரைப் பார்த்தான். போதகர் லேசாகத் தலையசைத்தார், சொல்ல வை என்பதுபோல. மறுத்தால் என்ன ஆகும் என்று வைசிலின் மனசு ஓடியது. அந்தக் காகிதம் பொய்யென்றால் அதைச் சொன்னவன் யார் என்று கேட்பார்கள். வைசில், முன்னே வா, வேதத்தின்மேல் கைவைத்துச் சொல் என்பார்கள். ஊர் முன்னால், மச்சான் முன்னால், அந்த ஜெபத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள். மனசு திரும்பிவிட்டது என்றால் அதெல்லாம் வேண்டாம். மச்சானுக்கும் மன்னிப்பு, தனக்கும் வாயைத் திறக்கும் அவசியமில்லை. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று பிற்பாடு எத்தனையோ தரம் அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு தரமும் வேறு வேறு பதில் வந்தது.

“செஞ்சதை ஒப்புக்கறாரு ஐயா,” என்றான் ஜெர்மனில். “மனசு வருந்தறாரு. மன்னிப்புக் கேக்கறாரு.”

அதிகாரி நிமிர்ந்தார். அவர் எதிர்பார்த்தது இதுவல்ல. குற்றத்தை மறுக்கிறவன் ஊரில் ஆறு பேரைக் கொண்டுவந்து சத்தியம் செய்யவைத்தால், அவனை விட்டுவிட வேண்டும் என்பது கோமகனின் சட்டம். சுவரோரம் நின்ற ஆறு பேரையும் காலையிலிருந்தே எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அந்தப் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒப்புக்கொண்டவனுக்குச் சாட்சி எதற்கு? எழுத்தரிடம் நாலு வரித் தீர்ப்பு எழுதச் சொல்லி, அதை அறிவிக்கும்படி வைசிலிடம் சொன்னார்.

இருபத்தைந்து சவுக்கடி. மூன்று ஞாயிறு, கழுத்தில் ஆட்டுக்கொம்பைத் தொங்கவிட்டுக் கோயில் வாசலில் நிற்கவேண்டும். குளிர்காலம் முடியும்வரை கடலில் அம்பர் என்னும் மஞ்சள் பிசின்கல்லை அள்ளவேண்டும். மனந்திரும்பியதால் உயிர் தப்பியது.

வைசில் ஒவ்வொன்றாகப் பிரஷ்யத்தில் சொன்னான். சொல்லச் சொல்ல, சுவரோரம் இருந்தவர்களில் ஒருவர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களும். அவர்கள் எதற்காக வந்திருந்தார்கள் என்பது வைசிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீ என்ன மாப்ளே சொன்னே அவங்கிட்ட?” என்று துலேகர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போலக் கேட்டார்.

“நல்லதுக்குன்னு...”

“நான் சொன்னதை இல்லையா?”

அதற்குள் காவலர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று ஞாயிறும் வைசில் கட்டையின்மேல் நின்றான். வாசலில் துலேகர், கழுத்தில் கொம்போடு. போதகர் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினார். வைசில் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. சிங்கத்தைச் சிங்கம் என்றே சொன்னான். சனங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு துலேகரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். வடக்குக் காற்று அடிக்கும்போதுதான் கடல் அம்பரைக் கொண்டுவந்து தள்ளும். அப்போதுதான் தோல்சட்டையைப் போட்டுக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, நீளக் கழியில் கட்டிய வலையால் பாசியோடு வாரி எடுக்கவேண்டும். சட்டைக்குள் தண்ணீர் உறையும். சவுக்கடிப் புண் ஆறாத முதுகு. கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால் மார்ச்சளி கட்டி இறந்துபோனார். அஸ்திலாவும் அண்ணியும் போய் உடலைக் கழுவினார்கள். வைசில் போனபோது, பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள். அந்த வழி பெட்டிவரைக்கும் போகாமல் வேலிப் படல்வரைக்கும் போயிற்று.

அதன்பிறகு ஊர் அவனிடம் பேசவில்லை. சரியாகச் சொன்னால், தங்கள் மொழியில் பேசவில்லை. முதலில் ஆரம்பித்தவன் கொல்லன். கோட்டையில் லாடம் அடிக்கப் போய்ப் பொறுக்கிய நாலு ஜெர்மன் வார்த்தையில் வைசிலுக்கு வணக்கம் சொன்னான்.

“என்னப்பா, என்கிட்டப் போய் ஜெர்மன் பேசறே?”

கொல்லன் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பிச் சொன்னான்: “நாம ஏதாவது பேசினா இவன் எழுதக் குடுத்துருவான். அவங்க பேச்சுன்னா பயமில்ல.”

அது பரவியது. ஜெர்மனில் இரண்டு சொல் தெரிந்தவர்கள் அந்த இரண்டைச் சொன்னார்கள். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஞாயிறன்று அவன் கட்டையில் நின்று சொல்கிற பிரஷ்யம்தான் வாரம் முழுக்க அவன் காதில் விழுந்த ஒரே பிரஷ்யம். அதுவும் அவனுடைய குரல். வீட்டில் அஸ்திலா சமைத்துவைப்பாள், எதிரே உட்கார்ந்து நூல் நூற்பாள், உதடு பிரியாது.

மூன்றாம் வருஷம் புத்தகம் வந்தது. இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் பிரஷ்யம். போதகர் வைசிலைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அவன் உட்காரவில்லை, அவரும் சொல்லவில்லை.

“இதுல உன் சொற்கள் இருக்கு வைசில்.”

“என் கிருபை எங்கய்யா இருக்கு?”

போதகர் ஒரு வரியில் விரலை வைத்தார். வைசில் குனிந்து பார்த்தான். எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது.

“இனிமே நானே நேரடியா வாசிப்பேன்,” என்றார் போதகர். “மேலிடத்துல அப்படித்தான் எழுதியிருக்காங்க. துபாசிங்க கூட்டிக் குறைச்சுச் சொல்லிடறாங்கன்னு ரொம்பப் புகார். உன்னைச் சொல்லல. பொதுவா.”

“எனக்கு வேலை இல்லைங்கறீங்க.”

“உனக்குப் பாரம் குறையுது.”

அந்த ஞாயிறு மேடைக்குக் கீழே கட்டை இல்லை. மணியடிக்கிறவன் அதைப் பிளந்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டான். வைசில் முதன்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தான், பெஞ்சின் மறுமுனை காலியாக இருந்தது. போதகர் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஜெர்மன் தொண்டையில் விசுவாசப் பிரமாணத்தை வாசித்தார். பாதி விளங்கவில்லை. பரிசுத்த ஆவிக்கு வந்தபோது மட்டும் தெளிவாக விளங்கியது. வெடுக்கென்று முடியவேண்டிய ‘ஸ்விந்தன்’ அவர் வாயில் இழுபட்டு ‘ஸ்விந்தியன்’ ஆயிற்று. ஸ்விந்தியன் என்றால் பன்றி. ‘நோசேலியன்’ பாதியில் உடைந்து ‘நோசி’யில் நின்றது. நோசி என்றால் மூக்கு.

“பன்றியின் மூக்கை விசுவாசிக்கிறேன்,” என்றார் போதகர்.

கோயிலில் ஒரு சத்தமில்லை. கொல்லனின் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி அடங்கியது. எல்லோரும் திருப்பிச் சொல்லுங்கள் என்று போதகர் கையைத் தூக்கினார். வைசிலின் காதுக்குத் தெரிந்தவரை, அந்தக் கோயிலில் மெடேகைம் சனங்கள் எதையும் அவ்வளவு உரக்க, அவ்வளவு ஒற்றுமையாக விசுவாசித்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் அவன் போதகரின் பின்னால் போனான்.

“ஐயா, அந்த ஒரு இடத்துல உச்சரிப்பு மாறுது. வேற அர்த்தம் ஆவுது.”

“என்ன அர்த்தம்?”

சொன்னான். போதகரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“நீ குடுத்த சொல்தானே அது?”

“சொல்லு சரிதான் ஐயா. இழுக்கக்கூடாது. அன்னிக்கே சொன்னேன்.”

“அச்சுல இருக்கறதைத்தான் நான் வாசிக்கிறேன். மத்த யாரும் தப்புன்னு சொல்லல. எல்லாரும் எவ்வளவு தெளிவா திருப்பிச் சொன்னாங்க, கேட்டேல்ல?” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “வைசில், வேலை போன வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காகப் பரிசுத்த ஆவியை வச்சு விளையாடாதே.”

அடுத்த ஈஸ்டருக்கு முன்னால், அப்பமும் ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கவேண்டும் என்று கட்டளை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வைசிலின் முறை வந்தது. அவன் தன் தாய் பேசியதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பரிசுத்த ஆவியை வெடுக்கென்று முடித்தான்.

“இல்ல,” என்றார் போதகர். “புத்தகத்துல இருக்கற மாதிரி சொல்லு.”

அவன் மறுபடி சொன்னான்.

“தப்பு. பிரஷ்யத்தைச் சரியாச் சொல்லு. ஸ்விந்தியன்.”

கோட்டை ஆள் கம்போடு கதவோரம் நின்றிருந்தான். வைசில் போதகரின் முகத்தைப் பார்த்தான். அதில் வஞ்சனை எதுவும் இல்லை. பாடம் தெரியாத பையனிடம் பொறுமையாக இருக்கிற வாத்தியாரின் முகம் அது.

“ஸ்விந்தியன்,” என்றான் வைசில். “நோசி.”

“இப்போ சரி.”

பெண்கள் வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். வாயைத் தலைத்துணியால் பொத்தியும் அடக்கமுடியாமல் வந்த சிரிப்பு. அது யாருடையது என்று வைசிலுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மூன்றரை வருஷமாகக் கேட்காத சத்தம்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது அஸ்திலா அடுப்பில் பார்லிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் மேசையில் உட்கார்ந்தான். மனசில் ஏதோ இளகியிருந்தது.

“சிரிச்சியே,” என்றான். “கேட்டேன்.”

அவள் கிண்ணத்தை நிரப்பினாள்.

“சிரிக்க வேண்டியதுதான். நானே ஒண்ணா சேர்ந்து சிரிச்சிருக்கணும். மச்சான் இருந்திருந்தா இன்னேரம்... ஏதாவது பேசு அஸ்திலா. திட்டவாவது செய்.”

அவள் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். கரண்டியை எடுத்து வைத்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“எஸ்ஸன்,” என்றாள்.

சாப்பிடு என்பதற்கான ஜெர்மன் சொல். எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவன் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கோட்டைச் சமையல்கட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போய்வந்தாள், அது அவனுக்குத் தெரியும். எதற்காகப் போனாள் என்பதுதான் இதுவரை தெரியாமல் இருந்தது.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் அவர்கள் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். உப்பு, விறகு, கதவு, குளிர், நாளை என்று ஒவ்வொன்றாக அவள் கொண்டுவந்து சேர்த்தாள். மொத்தம் நாற்பது சொல் இருக்கும். அதற்குமேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.